கழுத்துச் சிரை சொல்லும் சேதி: வலது இதயத்தில் வளரும் புற்றல்லாத கட்டிகள்



இதய மருத்துவர் ஒருவர் பேச வருகிறார் என்றதும் மாரடைப்பு, ஸ்டென்ட், கொழுப்பு என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் ஓயாமல் பேசுகின்றன. நான் எடுத்துக்கொண்டிருப்பது அரிய நோய். பிணக்கூறாய்வுப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இதயத்திலேயே தோன்றிய கட்டி பத்தாயிரம் உடல்களில் ஏறத்தாழ இரண்டில் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் முக்கால் பங்கு புற்றல்லாதவை. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது மிக்ஸோமா. அதிலும் நான்கில் மூன்று இடது மேலறையில் வளர்பவை. வலது மேலறைக்கு வருவது ஏறத்தாழ ஆறில் ஒன்றுதான்.

இத்தனை அரிய நோய்க்கு ஒரு முழுச் சொற்பொழிவா என்று கேட்கலாம். முழுவதுமாகக் குணப்படுத்தக்கூடிய இதய நோய்கள் மிகச் சிலவே. அந்தச் சிலவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் இந்த நோயாளி முதலில் இதய மருத்துவரிடம் வருவதில்லை. வயிறு வீங்கியதற்கு ஒருவரிடமும், கால் வீங்கியதற்கு இன்னொருவரிடமும், விடாத காய்ச்சலுக்கு மூன்றாமவரிடமும் போகிறார். நான் இன்று சொல்ல விரும்புவது இதுதான்: வலது இதயத்தில் வளரும் புற்றல்லாத கட்டி எந்த வகை உயிரணுவால் ஆனது என்பதைவிட, அது எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு அசைகிறது, எதை அடைக்கிறது என்பவையே நோயாளியின் கதியைத் தீர்மானிக்கின்றன. கண்டுபிடிப்பதும் அவற்றைக்கொண்டுதான், அறுப்பதா, காத்திருப்பதா, விட்டுவிடுவதா என்ற முடிவும் அவற்றைக்கொண்டுதான்.

வலப்பக்கத்தின் இயல்பு

உடலெங்கும் சுற்றிவந்த இரத்தம் இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வருவது மேற்பெருஞ்சிரை வழியே. வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் வருவது கீழ்ப்பெருஞ்சிரை வழியே. அங்கிருந்து மூவிதழ் வால்வைக் கடந்து வலது கீழறைக்குள் இறங்கி, நுரையீரல் தமனி வழியே நுரையீரலுக்குப் போகிறது. இடது கீழறையில் அழுத்தம் 120 மி.மீ. வரை எழும்பும்போது, வலது மேலறையின் சராசரி அழுத்தம் 5 மி.மீ. அளவில்தான் இருக்கும். குறைந்த அழுத்தம், மெல்லிய சுவர், நெகிழ்ந்து கொடுக்கும் அறை. ஆகையால் ஒரு கட்டி இங்கே நெடுநாள் ஓசையின்றி வளர முடியும். நோயாளி முதன்முதலாக மருத்துவரைப் பார்க்கும்போது கட்டி அறையின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பதும் உண்டு.

இடப்பக்கத்தில் வளரும் கட்டியின் துணுக்கு உடைந்தால் மூளைக்குப் போய்ப் பக்கவாதமாக வெளிப்படும். குடும்பமே பதறி ஓடிவரும். வலப்பக்கத்தில் உடையும் துணுக்கு நுரையீரலில் போய்ச் சிக்குகிறது. சிறியதாக இருந்தால் கொஞ்சம் மூச்சு வாங்குவதோடு நின்றுவிடும். மாடிப்படி ஏறினால் இளைக்கிறது, வயசாகிவிட்டது என்று நோயாளியே காரணம் கற்பித்துக்கொள்வார்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. கருவில் இருக்கும்போது இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு திறப்பு இருக்கும். பிறந்தபின் அது மூடிக்கொள்ள வேண்டும். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமல் ஒரு மடிப்பாக நின்றுவிடுகிறது. வழக்கமாக அதனால் தொல்லை இல்லை. வலது மேலறையைக் கட்டி அடைத்து அழுத்தம் ஏறினால், அந்த மடிப்பு திறந்துகொள்கிறது. அசுத்த இரத்தம் இடப்பக்கம் பாய்ந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கும். வலப்பக்கக் கட்டியின் துணுக்கும் அதே வழியில் மூளைக்குப் போய்விடலாம்.

மிக்ஸோமா

மிக்ஸோமாவை அறுத்து வெளியே எடுத்தால் நுங்குபோல் பளபளத்துக் கொழகொழவென்று இருக்கும். சில கெட்டியாக, வழவழப்பான மேற்பரப்போடு இருக்கும். சில தொட்டால் பிய்ந்துவரும் மென்மையோடு இருக்கும். இந்த இரண்டாம் வகையே துணுக்கு துணுக்காக உடைந்து நுரையீரலுக்குப் போவது. பெரும்பாலும் மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில், கருவில் திறப்பாக இருந்து மூடிய பள்ளத்தின் ஓரத்தில் ஒரு காம்பில் தொங்கும். வலது மேலறையில் அந்த ஒழுங்கு அவ்வளவாக இல்லை. அகன்ற அடித்தளத்தோடு வேறு சுவரிலும் ஒட்டியிருக்கலாம். சுண்ணாம்பு படிவதும் இடப்பக்கத்தைவிட இங்கே அதிகம். முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

காம்பில் தொங்கும் கட்டி ஒவ்வொரு துடிப்பிலும் மூவிதழ் வால்வுக்குள் இறங்கி மீள்கிறது. இறங்கும் கணத்தில் வால்வை அடைக்கிறது. குனிந்தால், ஒருக்களித்துப் படுத்தால் அது இடம் மாறுகிறது. மூச்சுத் திணறலும் தலைசுற்றலும் அதற்கேற்பக் கூடிக் குறைகின்றன. “இந்தப் பக்கம் படுத்தால் நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பினால் அடைக்கிறது” என்று நோயாளி சொன்னால், அதைப் பதற்றம் என்று தள்ளிவிடாதீர்கள். கட்டி ஓயாமல் மோதுவதால் வால்வின் இதழ்கள் தடித்துச் சிதைவதும் உண்டு. அப்போது கட்டியை எடுத்தாலும் வால்வு கசியும்.

இன்னொரு வேலையும் இது செய்கிறது. மிக்ஸோமாவின் உயிரணுக்கள் இன்டர்லியூக்கின்-6 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன என்பதை 1987இல் ஜப்பானில் ஒசாகா ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடலில் அழற்சியைத் தூண்டும் புரதம் அது. அதனால் காய்ச்சல், உடல் மெலிவு, மூட்டுவலி, இரத்தசோகை எல்லாம் வருகின்றன, அழற்சியைக் காட்டும் இரத்த அளவான ஈ.எஸ்.ஆர். ஏறுகிறது. கட்டியை எடுத்துவிட்டால் இவை தாமாகவே அடங்குகின்றன.

வேறு பெயரில் வரும் நோய்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். விட்டு விட்டு வரும் காய்ச்சல், குறைந்துகொண்டே போகும் எடை, ஏறிய ஈ.எஸ்.ஆர்., வயிற்றில் நீர், வீங்கிய கால்கள். நம் நாட்டில் ஒரு மருத்துவர் முதலில் நினைப்பது காசநோய். அது நியாயமான எண்ணம்தான். நம்மிடையே காசநோய் அவ்வளவு பரவியிருக்கிறது. காசநோயால் இதய உறை தடித்து இறுகும்போதும் கழுத்துச் சிரை புடைக்கும், வயிறு வீங்கும். மகோதரம் என்று நம் பாட்டிமார் சொன்ன பெருவயிற்றைப் பார்த்ததும் கல்லீரலைக் குற்றம் சொல்வது இன்னொரு வழக்கம். கல்லீரலில் இரத்தம் தேங்குவதால் காமாலையும் இலேசாக எட்டிப்பார்க்கும். நீர் மாத்திரை கொடுப்பார்கள்; வீக்கம் கொஞ்சம் வடியும்; மறுபடி வரும். ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மூவிதழ் வால்வு, கேரளத்தில் ஒரு காலத்தில் மிகுதியாகக் காணப்பட்ட இதய உள்ளுறை நார்த்தடிப்பு நோய் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தருபவை.

கோளாறு இதயத்திலா கல்லீரலிலா என்று பிரித்தறிய மாணவர்களுக்கு நான் சொல்வது கழுத்தைப் பாருங்கள் என்பதே. நோயாளியை 45 பாகையில் சாய்த்துப் படுக்கவைத்து வலது கழுத்தில் சிரைத் துடிப்பு எதுவரை எழுகிறது என்று கவனியுங்கள். மார்பெலும்பின் மேற்கோணத்திலிருந்து செங்குத்தாக 4 செ.மீ.க்கு மேல் எழுந்தால் வலது இதயத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது. கல்லீரல் சுருங்கியதால் மட்டும் வயிறு வீங்கியவருக்குக் கழுத்துச் சிரை பொதுவாகப் புடைப்பதில்லை. வயிற்று ஸ்கேன் எடுப்பவரும் உதவலாம்: கல்லீரல் சிரைகளும் கீழ்ப்பெருஞ்சிரையும் அகன்றிருந்தால் தடை கல்லீரலுக்கு மேலே, இதயத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு வரி அறிக்கையில் இருந்தும் யாரும் கவனிக்காமல் போவது நடக்கிறது.

அடுத்த படி எக்கோ, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்னும் மருத்துவரும் ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும் இதயத்தை ஒலியலையால் பார்க்க முயன்றபோது கையில் எடுத்தது உலோகத்தில் விரிசல் தேடும் கருவி. மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் ஹெர்ட்ஸ் அதை முதலில் சோதித்துப் பார்த்தார். ஆறே ஆண்டுகளில், 1959இல், ஜெர்மனியில் எஃபர்ட், டோமானிக் இருவரும் இடது மேலறைக் கட்டி ஒன்றை ஒலியலையால் கண்டறிந்து எழுதினார்கள். அதற்கு முன்பு இதயக் கட்டி என்பது பெரும்பாலும் இறந்தபின் தெரியவரும் செய்தி. இன்று மாவட்டத் தலைநகரில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

திரையில் தெரிவதெல்லாம் கட்டியும் அல்ல. வலது மேலறையில் இயல்பாகவே சில மடிப்புகளும் வலைபோன்ற இழைகளும் சிலருக்குக் கருப்பருவத்திலிருந்து தங்கிவிடுகின்றன. டயாலிசிஸ் குழாயின் நுனியிலும் பேஸ்மேக்கர் கம்பியிலும் இரத்த உறைவு ஒட்டிக்கொண்டு கட்டிபோலத் தோன்றும். உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கின்றன. மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இரத்த உறைவு பொதுவாக ஒளிராது, இரத்த ஓட்டமுள்ள கட்டி ஒளிரும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதயத்தில் தோன்றும் புற்றுகளில் ஆஞ்சியோசர்கோமா என்பது பெரும்பாலும் வலது மேலறையையே பிடிக்கிறது. அகன்ற அடித்தளம், சுவரைத் துளைத்துப் பரவுதல், இதய உறைக்குள் இரத்தம் கலந்த நீர் ஆகியவற்றைக் கண்டால் புற்றல்லாதது என்று நிம்மதி கொள்ளக் கூடாது. இறுதிச் சொல் எப்போதும் நோய்க்கூறியல் நிபுணருடையது.

குழந்தைகளிடம் காத்திருத்தல்

குழந்தை மருத்துவத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே மிகுதியாக வருவது ராப்டோமயோமா, இதயத் தசையிலிருந்து பிறக்கும் கட்டி. தாயின் வயிற்றில் இருக்கும்போதே, ஐந்தாம் மாதத்துக்குப் பிந்தைய ஸ்கேனில் தென்படுவதுண்டு. ஒன்றல்ல, பல, இரண்டு கீழறைகளிலும் சுவரிலுமாக இருக்கும். பெற்றோர் அதிர்ந்துபோய் அறுவைக்குக் கேட்பார்கள். அறுக்கத் தேவையில்லை என்பதே பெரும்பாலோர்க்கு நாம் சொல்லும் பதில். பிறந்தபின் முதல் சில ஆண்டுகளில் இவை தாமே சுருங்கிவிடுகின்றன. வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனிக்குப் போகும் வழியை அடைத்தாலோ, கட்டுக்கடங்காத துடிப்புக் கோளாறு வந்தாலோதான் கத்தியை எடுக்கிறோம். சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்ற மருந்துகள் கட்டியை விரைவாகச் சுருக்கிய குழந்தைகளும் உண்டு.

இத்தகைய குழந்தையின் உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருக்கலாம். ராப்டோமயோமா உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணுக் கோளாறு இருக்கிறது. தோலில் இலை வடிவ வெளிறிய திட்டுகள், வலிப்பு, வளர்ச்சித் தாமதம், பிற்காலத்தில் சிறுநீரகக் கட்டிகள் என்று அது விரியும். இதயக் கட்டி மறைந்துபோன பிறகும் நரம்பியல் மருத்துவரிடம் அந்தக் குழந்தை தொடர்ந்து வர வேண்டும். இதயம் இங்கே முதல் தகவல் தந்த உறுப்பு மட்டுமே.

நார்த்திசுக் கட்டியான ஃபைப்ரோமா இதற்கு நேர் எதிர். ஒன்றே ஒன்றாக, கீழறைத் தசைக்குள் புதைந்து, நடுவில் சுண்ணாம்போடு இருக்கும். தானாகச் சுருங்காது. உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறை உண்டாக்க வல்லது என்பதால், தொல்லை தராதபோதும் அறுத்தெடுப்பதைப் பல மையங்கள் விரும்புகின்றன. இரண்டும் புற்றல்ல, ஒன்றைக் காத்திருந்து பார்க்கிறோம், மற்றொன்றுக்குக் காத்திருப்பதில்லை.

விட்டுவிடத் தக்கவை

வால்வு இதழில் முளைக்கும் பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா பெரும்பாலும் ஒரு செ.மீ. அளவினது. நீரில் போட்டால் இழைகள் விரிந்து கடற்சாமந்தியின் தோற்றம் தரும். இடப்பக்க வால்வில் இருந்தால் பக்கவாத அச்சத்தால் எடுத்துவிடுகிறோம். மூவிதழ் வால்விலோ நுரையீரல் தமனி வால்விலோ சிறியதாக, அசையாமல் இருந்தால் எக்கோவில் கவனித்துவரலாம். பெரிதாகி ஆடத் தொடங்கினாலோ, மேலறைச் சுவரில் அந்தப் பழைய மடிப்பு திறந்திருந்தாலோ எடுத்துவிடுவதே நல்லது. ஒரே கட்டி, இடம் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது.

மேலறைச் சுவரில் கொழுப்பு தடித்துத் திரண்டிருப்பதும் வயதானவர்களிடம், பருமனானவர்களிடம் தென்படும். மூடிய பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு அதன் இருபுறமும் தடிப்பது அதன் அடையாளம். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு என்று உறுதியானால், அது இரத்த ஓட்டத்தை மறிக்காதவரை எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் இதைக் கண்டு மிரண்டு வருபவரைத் தேற்றி அனுப்புவதும் சிகிச்சையே.

கருப்பையிலிருந்து இதயம் வரை

இந்தத் தலைப்பில் என்னை இன்றும் வியக்கவைப்பது இதயத்தில் பிறக்காத ஒரு கட்டி. கருப்பையில் நார்க்கட்டி வருவது பெண்களிடம் மிகச் சாதாரணம். மிக அரிதாக, அதே மென்தசைக் கட்டி கருப்பைச் சிரைக்குள் நுழைந்து வளர்கிறது. சிரையின் உட்புறமாகவே நீண்டு இடுப்புச் சிரையை எட்டி, கீழ்ப்பெருஞ்சிரையில் ஏறி, வலது மேலறைக்குள் தலைநீட்டுகிறது. சில வேளை வால்வையும் தாண்டி நுரையீரல் தமனி வரை போகிறது. சிரைக்குள் வளரும் இந்தக் கட்டியை 1896இல் பிர்ச்-ஹிர்ஷ்ஃபெல்ட் விவரித்தார்; அது இதயத்தை எட்டியதை 1907இல் ட்யூர்க் எழுதினார். நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றின் சாயலே இராது. ஆனாலும் திடீர் மயக்கத்தையும் மரணத்தையும் உண்டாக்க முடியும்.

வலது மேலறையில் நீண்டு ஆடும் கட்டியோடு ஒரு பெண் வந்தால், மிக்ஸோமா என்று எழுதிவிடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நார்க்கட்டி இருந்ததா? கருப்பையை எடுத்திருக்கிறார்களா? கட்டியின் வால் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் போகிறதா என்று எக்கோவில் தேட வேண்டும். சிறுநீரகப் புற்றும் கல்லீரல் புற்றும்கூட இதே பாதையில் ஏறிவருவதால், அந்தத் தேடல் எல்லா நோயாளிக்கும் பொருந்தும். இந்தக் கட்டி இதயச் சுவரில் பொதுவாக ஒட்டியிருக்காது. ஆகவே மார்பையும் வயிற்றையும் திறந்து முழு நீளத்தையும் உருவி எடுக்க முடியும். வயிற்றுப் பகுதியை விட்டுவைத்தால் மறுபடி வளரும்.

அறுவை அரங்கில்

இனி அறுவையின் கதை. 1952இல் அமெரிக்காவில் ஹென்றி பான்சன் வலது மேலறையிலிருந்து ஒரு பெரிய மிக்ஸோமாவை எடுத்தார். இதய-நுரையீரல் எந்திரம் மனிதரிடம் அதுவரை வெற்றி பெற்றிருக்கவில்லை. பெருஞ்சிரைகளைச் சில நிமிடங்கள் இறுக்கி இரத்த வரவை நிறுத்தி, அந்த இடைவெளியில் கட்டியை எடுக்க வேண்டியிருந்தது. கட்டி வந்தது, நோயாளி 24 நாளில் இறந்தார். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் எந்திரத்தின் துணையோடு மேலறைச் சுவரின் துளையை அடைத்தார். 1954 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபூர்ட் எந்திரத்தைக்கொண்டு இடது மேலறை மிக்ஸோமாவை எடுத்தார். அந்தப் பெண் நீண்ட காலம் வாழ்ந்தார். அந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் மாறியது அறுவையரின் திறமையன்று. அவருக்குக் கிடைத்த நேரம்.

எந்திரம் வந்தபின்னும் வலப்பக்கக் கட்டிக்கு ஒரு தனிக் கண்டம் உண்டு. இரத்தத்தை எந்திரத்துக்கு எடுத்துச்செல்லும் குழாயை வழக்கமாக வலது மேலறை வழியாகத்தான் செருகுவோம். அங்கேயே கட்டி இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு குழாயை நுழைத்தால், அது உடைந்து நுரையீரல் தமனியை அடைத்துவிடும். ஆகவே மேற்பெருஞ்சிரையில் நேராக உயரத்தில் ஒரு குழாய், தொடைச் சிரை வழியே இன்னொரு குழாய் என்று வழியை மாற்றுகிறோம். குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்பதை உணவுக்குழாய் எக்கோவில் மயக்க மருத்துவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நுரையீரல் தமனிக்கு அளவுக்குழாய் செலுத்தும் வழக்கத்தையும் இங்கே தவிர்க்கிறோம். எந்திரம் ஓடத் தொடங்கும்வரை இதயத்தை யாரும் அழுத்தவோ தூக்கவோ கூடாது.

இதயம் நின்றதும் மேலறையைத் திறந்து, கட்டியைப் பிடிக்காமல், அது ஒட்டியிருக்கும் சுவரையே ஓரத்தோடு வட்டமாக வெட்டி எடுக்கிறோம். காம்பை மட்டும் கிள்ளி எடுத்தால் வேர் மிஞ்சும். வெட்டிய இடத்தை நோயாளியின் இதய உறையிலிருந்தே எடுத்த துண்டால் தைத்து மூடுகிறோம். நான்கு அறைகளையும் பார்த்து, மூவிதழ் வால்வில் நீர் செலுத்திக் கசிவு இருக்கிறதா என்று சோதித்து, தேவையானால் சீர்செய்துவிட்டே மூடுகிறோம். அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவையில் உயிரிழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் கல்லீரலும் சிறுநீரகமும் நலிந்து, நடக்க முடியாமல் வருபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தாமதத்தின் விலை அங்கேதான் தெரிகிறது.

அறுவைக்குப் பின்

தனியாகத் தோன்றும் மிக்ஸோமாவைச் சரியாக எடுத்தால், நூற்றில் ஓரிருவருக்கே திரும்ப வருகிறது. குடும்பவழி வருவது வேறு வகை. 1985இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எய்டன் கார்னி ஒரு நோய்த்தொகுதியை விவரித்தார்: இதயத்தில் மிக்ஸோமா, உதட்டிலும் கண்ணோரத்திலும் புள்ளி புள்ளியாகக் கருமை, அளவுமீறிய நாளமில்லாச் சுரப்பு. பிஆர்கேஏஆர்1ஏ என்னும் மரபணுவில் ஏற்படும் பிழை பலரிடம் இதற்குக் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இவர்களுக்கு இளவயதிலேயே, எந்த அறையிலும், ஒன்றுக்கு மேற்பட்டும் கட்டி வரலாம். எடுத்தாலும் திரும்ப வரும். ஆகையால் இளைஞர் ஒருவருக்கு மிக்ஸோமா என்றால், அதிலும் பல கட்டிகள் என்றால், உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் எக்கோவுக்கு அழைக்க வேண்டும். தைத்த காயம் ஆறியதும் கணக்கு முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்புவது போதாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எக்கோ பார்த்துவர வேண்டும்.

நண்பர்களே, பத்தாயிரத்தில் இரண்டு என்ற எண்ணைத் தொடக்கத்தில் சொன்னேன். உங்களில் பலர் வாழ்நாள் முழுதும் மருத்துவம் பார்த்தும் ஒரு வலது மேலறை மிக்ஸோமாவைக் கூடச் சந்திக்காமல் போகலாம். ஆனால் காரணம் தெரியாமல் வயிறும் காலும் வீங்கி வருபவரை மாதந்தோறும் சந்திப்பீர்கள். அவர் கழுத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சிரை புடைத்திருந்தால், காசநோய் மருந்தையோ கல்லீரல் மருந்தையோ எழுதும் முன் ஒரு எக்கோ எழுதுங்கள். அந்தப் பழக்கம் இறுகிய இதய உறையைக் காட்டும், சுருங்கிய வால்வைக் காட்டும், நுரையீரல் தமனியின் உயர் அழுத்தத்தைக் காட்டும். இவை ஒவ்வொன்றும் இந்தக் கட்டியைவிடப் பன்மடங்கு அதிகமாக நம்மிடையே இருப்பவை. காலத்தில் கண்டால் பயன் பெறுபவை. அரிய நோயைத் தேடும் கண் அன்றாட நோயையும் தவறவிடாது என்பதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்தேன்.